மூஸா நபியின் தாயாருக்கு வந்த வஹீ

போன இதழில் குர்ஆனின் 28ஆவது அத்தியாயமான கஸஸ் பற்றி எழுதும்போது, "மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கு அல்லாஹ் வஹீ அறிவித்தான்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. சிலருக்குச் சந்தேகம், சிலருக்குக் கோபம், ஒரு அம்மாவின் கடிதத்தில் கண்ணீர். அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி (சேலம் கோட்டைப் பகுதி வாசகி): வஹீ, அதாவது இறையறிவிப்பு, நபிமார்களுக்கு மட்டும் வருவது என்றுதான் மதரஸாவில் படித்தோம். என்னிடம் உள்ள தமிழ் மொழிபெயர்ப்பில் 28:7 வசனத்தில் "உள்ளுணர்வு ஏற்படுத்தினோம்" என்று இருக்கிறது. நீங்கள் வஹீ என்கிறீர்கள். அப்படியானால் அந்தத் தாயாரும் நபியா?

பதில்: சகோதரி, அரபி மூலத்தைத் திறந்து பாருங்கள், "அவ்ஹைனா" என்று இருக்கும். "நூஹுக்கு வஹீ அறிவித்ததுபோல் உமக்கும் வஹீ அறிவித்தோம்" என்று நபி (ஸல்) அவர்களிடம் சொல்லும் 4:163 வசனத்திலும் அதே "அவ்ஹைனா"தான். சொல்லில் ஒரு எழுத்துகூட மாற்றமில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது, நபித்துவம் முஹம்மது (ஸல்) அவர்களோடு முத்திரையிடப்பட்டுவிட்டது என்பதில் யாரும் குழம்பிவிடக் கூடாதே என்ற கவலை. ஆனால் அந்தக் கவலைக்காகக் குர்ஆன் பயன்படுத்திய சொல்லையே மறைத்துவிடலாமா என்பதுதான் என் கேள்வி.

வஹீ என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் சட்டென்று, மறைவாகக் காட்டும் குறிப்பு. குர்ஆன் சொற்களுக்கு அகராதி எழுதிய ராகிப் இஸ்ஃபஹானி அப்படித்தான் சொல்கிறார். ஸகரிய்யா (அலை) மூன்று இரவுகள் பேச முடியாமல் இருந்தபோது, தொழுமிடத்திலிருந்து வெளியே வந்து மக்களுக்குச் சைகை காட்டினாரே, 19:11 வசனம் அதற்கும் இதே சொல்லைத்தான் போடுகிறது. ஈஸா நபியின் சீடர்களுக்கு வந்தது (5:111), மலக்குகளுக்கு, அதாவது வானவர்களுக்கு வந்தது (8:12), கடைசி நாளில் பூமிக்கு வருவது (99:5), எல்லாமே வஹீதான். இன்னும் கேளுங்கள், ஷைத்தான்கள் தங்கள் கூட்டாளிகளுக்குள் ஊதுவதற்கும் 6:121 இதே வினையைத்தான் எடுக்கிறது. ஆகவே சொல்லை மட்டும் வைத்து ஒருவர் நபியா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. யாரிடமிருந்து, யாருக்கு, எதற்காக என்று பார்க்க வேண்டும்.

நபியா என்று கேட்டீர்கள். பெரும்பாலான அறிஞர்கள் இல்லை என்கிறார்கள், "ஆண்களையே தூதர்களாக அனுப்பினோம்" என்ற 12:109 வசனத்தைக் காட்டுகிறார்கள். ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் (1064இல் இறந்தவர்) ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வசனம் தூதுத்துவத்தைப் பற்றியது, நபித்துவம் வேறு என்று சொல்லி மூஸாவின் தாயாரையும் ஈஸா நபியின் தாயார் மர்யம் (அலை) அவர்களையும் நபிமார் வரிசையில் வைத்தார். மர்யம் விஷயத்தில் குர்ஆன் விரிவுரையாளர் குர்துபியும் அந்தப் பக்கம்தான். நான் பெரும்பான்மைக் கருத்தில் நிற்கிறவன். ஆனாலும் "உள்ளுணர்வு" என்ற மொழிபெயர்ப்பு என்னைத் திருப்திப்படுத்தியதே இல்லை. யோசித்துப் பாருங்கள், பெற்ற தாயின் உள்ளுணர்வு என்ன சொல்லும்? குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொள் என்றுதான் சொல்லும். ஆற்றில் போடு என்று எந்தத் தாய் மனசும் சொல்லாது. அந்தத் தாயாருக்கு வந்தது இரண்டு கட்டளை (பால் கொடு, பயம் வந்தால் ஆற்றில் போடு), இரண்டு விலக்கல் (பயப்படாதே, கவலைப்படாதே), இரண்டு வாக்குறுதி (உன்னிடமே திரும்பக் கொண்டுவருவோம், அவரைத் தூதராக்குவோம்). இத்தனையும் ஒரே வசனத்தில். இதைப் போய் உள்ளுணர்வு என்றால், மே மாதத்தில் மழை வரும்போலத் தோன்றுகிறது என்கிறோமே, அந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது. "வஹீ" என்றே போட்டுவிட்டு, நபிமார்களுக்கு வரும் வேதவெளிப்பாடு அல்ல என்று கீழே ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): தேனீக்கு வஹீ வந்தது என்று 16:68 சொல்கிறது. நவீன விரிவுரையாளர்கள் அதை "இயல்பூக்கம்" என்று ஆக்கிவிட்டார்கள். அறிவியலுக்குப் பயந்து வஹீயைச் சுருக்குகிறார்கள் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: தம்பி, முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறிப் போ. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து காப்பிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும்போது போனால் இன்னும் நல்லது. "மலைகளிலும் மரங்களிலும் மனிதர்கள் கட்டுவதிலும் வீடு அமைத்துக்கொள்" என்று வசனம் மூன்று இடத்தைச் சொல்கிறதல்லவா, மூன்றையும் அங்கே கண்ணால் பார்க்கலாம். பாறை இடுக்கில் தொங்குகிற பெரிய மலைத்தேன் அடை, மரப்பொந்திலும் கிளையிலும் இருக்கிற கூடு, எஸ்டேட்டில் வைத்திருக்கிற தேனீப் பெட்டி. மலைத்தேனீயைப் பிடித்துப் பெட்டியில் அடைத்தால் தங்காது, போய்விடும். எது எங்கே வாழ வேண்டும் என்று அதற்குள் எழுதி வைத்திருக்கிறது. நான் அங்கே ஒரு பெரியவரிடம் மூன்று தேனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நிறமும் வேறு, ருசியும் வேறு. அடுத்த வசனம் "பல நிறங்களில் ஒரு பானம்" என்கிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். யூசுஃப் அலி தன் ஆங்கில மொழிபெயர்ப்பின் குறிப்பில், தேனீயின் இயல்பூக்கத்தையே அல்லாஹ்வின் போதனையாக இந்த வசனம் சொல்கிறது என்று எழுதினார். இன்னொரு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் முஹம்மது அசத் (1900–1992), அந்தச் சிறிய பூச்சி அறுகோண அறைகளை அளவெடுத்தாற்போலக் கட்டுகிற அதிசயத்தைக் காட்டத்தான் இந்தச் சொல் வந்தது என்கிறார். விரிவுரையாளர் மௌதூதி இதே இடத்தில், வஹீ என்றால் மொழிப்படி கொடுப்பவனுக்கும் பெறுபவருக்கும் மட்டும் தெரிகிற நுட்பமான குறிப்பு என்று விளக்கி, அது எத்தனை படிகளில் வருகிறது என்று காட்டுகிறார். இவர்கள் யாரும் பயந்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லாரையும்விட என்னைப் பிடித்துக்கொண்டவர் கவிஞர் இக்பால். 1929 ஜனவரியில் சென்னைக்கு வந்து உரைகள் ஆற்றினார், அவையும் பிறகு ஹைதராபாத்திலும் அலிகரிலும் பேசியவையும் சேர்ந்து 1930இல் புத்தகமாக வந்தன. அதில், குர்ஆன் வஹீ என்ற சொல்லைப் பயன்படுத்துகிற விதத்தைப் பார்த்தால் அதை உயிர் முழுவதற்கும் பொதுவான தன்மையாகவே அது கருதுகிறது என்கிறார். செடி வளர்வதில் ஒரு விதம், விலங்கு புதிய சூழலுக்கு ஏற்ப மாறுவதில் ஒரு விதம், மனிதன் உள்ளே ஒளி பெறுவதில் ஒரு விதம். உன் நண்பர்கள் நினைப்பதற்கு இது நேர் எதிர் இல்லையா? வஹீயை இயல்பூக்கமாக இறக்கவில்லை அவர், இயல்பூக்கத்தையே வஹீயின் முதல் படிக்கு ஏற்றிவிட்டார். பூ தேடிப் போகிற தேனீயும் அல்லாஹ்வின் பேச்சைக் கேட்டுத்தான் போகிறது என்றால், அப்புறம் உலகத்தில் எதுதான் அவனோடு தொடர்பில்லாதது?

ஆனால் அதே இக்பால் உடனே ஒரு வேலியும் போடுகிறார். நபித்துவம் முடிந்துவிட்டது என்பதன் பொருளே, இனிமேல் "எனக்கு மேலேயிருந்து வந்தது, கட்டுப்படு" என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை என்பதுதான். ஆன்மிக அனுபவம் நின்றுவிடாது, ஆனால் மனிதனின் மற்ற அனுபவங்களைப் போல அதையும் சோதித்துப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், அடுத்த கடிதத்துக்கு இதுதான் வேண்டும்.

கேள்வி (சேலம் அம்மாபேட்டை வாசகி): எங்கள் உறவுக்காரர் ஒருவர் தனக்கு இல்ஹாம் (உள்ளத்தில் இறைவன் உதிக்கவைக்கும் எண்ணம்) வருவதாகச் சொல்கிறார். தொழுகையாளி, எல்லாரும் மதிக்கிறவர். என் மகளுக்கு நிச்சயமான சம்பந்தத்தை நிறுத்தச் சொல்கிறார், மகன் நடத்துகிற வெள்ளிப் பட்டறையை விற்று ஒரு பெரிய தொகையைத் தன்னிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்துக்கு ஆபத்து என்கிறார். மறுத்தால் பாவமாகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: அம்மா, பாவமாகாது. முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

அவருக்கு உள்ளத்தில் ஏதோ தோன்றுவது உண்மையா பொய்யா என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரிகிற விஷயமே இல்லை. உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கிற நஸஃபியின் அகாயித் (நம்பிக்கைக் கொள்கை) கிதாபிலேயே, ஒரு விஷயம் சரி என்று அறிவதற்கு இல்ஹாம் ஆதாரமாகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது 900 வருடத்துக்கு முந்தைய கிதாபு, நவீனக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது என்று யாரும் சொல்ல முடியாது.

நபித்தோழர் உமர் (ரலி) அவர்களைப் பாருங்கள். "முந்தைய சமுதாயங்களில் உள்ளுதிப்புப் பெற்றவர்கள் இருந்தார்கள், என் சமுதாயத்தில் அப்படி ஒருவர் உண்டென்றால் அவர் உமர்" என்று நபி (ஸல்) சொன்ன ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்பிலும் இருக்கிறது. இதைவிடப் பெரிய சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்? அப்படிப்பட்ட உமர் மக்காக்காரர்களோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கையின்போது மனம் கொதித்து நபியிடமே வாதாடினார், அதை நினைத்துப் பின்னால் எத்தனையோ நல்ல அமல்கள் செய்து ஈடுகட்டினார். நபி (ஸல்) மறைந்த அன்று "அவர்கள் மரணிக்கவில்லை" என்று நின்றார், அபூபக்ர் (ரலி) 3:144 வசனத்தை ஓதியபோதுதான் கால் தளர்ந்து உட்கார்ந்தார். உமருடைய உள்ளத்துக்கே வசனத்தை வைத்துத் திருத்தம் தேவைப்பட்டது என்றால் உங்கள் உறவுக்காரர் எம்மாத்திரம்?

பாங்கு சொல்வது ஒரு ஸஹாபியின் (நபித்தோழரின்) கனவில் வந்ததுதானே என்று அவர் கேட்கலாம், கேட்பார்கள். ஆமாம், அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) கண்ட கனவு. ஆனால் கனவு கண்டதால் அது சட்டமாகவில்லை, நபி (ஸல்) "உண்மையான கனவு" என்று ஒப்புக்கொண்டு பிலாலுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னதால் ஆயிற்று. இன்று ஒப்புதல் கொடுக்க நபி எங்கே? அடுத்து, மூஸா நபியோடு பயணம் போய் மறைவான அறிவால் நடந்த ஹிள்ரு (அலை) கதையை எடுப்பார்கள். கஹ்ஃப் அத்தியாயத்தை அவர்களே நிதானமாக ஓதட்டும். பசியோடு போன ஊரில், சாப்பாடு தர மறுத்த ஊரில், இடிய இருந்த சுவரை ஹிள்ரு நிமிர்த்திக் கட்டினார். "நீங்கள் நினைத்திருந்தால் கூலி வாங்கியிருக்கலாமே" என்று மூஸா (அலை) கேட்கிறார் (18:77). வாங்கவில்லை. உங்கள் உறவுக்காரர் பட்டறையை விற்றுப் பணம் கேட்கிறார்.

குர்ஆனில் நபியல்லாதவர்களுக்கு வந்த வஹீயை எல்லாம் ஒரு முறை திரும்பப் பார்த்தேன், உங்கள் கடிதத்துக்காகவே பார்த்தேன். மூஸாவின் தாயாருக்கு வந்தது அவர் குழந்தையைப் பற்றி, அவர் கையால் செய்ய வேண்டியது. மர்யமுக்கு மலக்குகள் சொன்னது அவர் சுமக்கப்போகிற பிள்ளையைப் பற்றி. சீடர்களுக்கு வந்தது "நம்பிக்கை கொள்ளுங்கள்" என்று, அவர்களுக்கே. ஆபத்தும் அவர்களுக்கு, பொறுப்பும் அவர்களுக்கு. "எனக்கு உதித்தது, நீ உன் நகையைக் கழற்று" என்று ஒருவரும் சொல்லவில்லை. எதுவும் வராமலே "எனக்கு வஹீ வந்தது" என்பவனைவிட அநியாயக்காரன் யார் என்று 6:93 கேட்கிறது, அதை நினைத்தாலே உடம்பு நடுங்க வேண்டும்.

இவ்வளவு காரமாக எழுதுகிறேன் என்றால் எங்கள் வீட்டில் பட்டதுதான் காரணம். என் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) சர்க்கரை நோய். வீட்டுக்கு வந்துபோன ஒருவர், தனக்குக் காட்டப்பட்டது என்று சொல்லி இன்சுலினை நிறுத்தச் சொன்னார். அத்தா நல்ல மனசோடு நம்பி நிறுத்தினார். மூன்று மாதத்தில் கால் விரல் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று நான் சின்னப் பையன், பேசத் தெரியவில்லை. இன்று தெரியும், அதனால் பேசுகிறேன். மகள் கல்யாணத்தை விசாரிக்க வேண்டிய முறையில் விசாரித்துவிட்டு நடத்துங்கள். பட்டறை ஓடட்டும். அவர் திரும்ப வந்தால் ஊர் ஹஜ்ரத்தையும் கூட உட்காரவைத்துக்கொண்டு பேசுங்கள், தனியாகப் பேசாதீர்கள்.

கேள்வி (ஓமலூர் வாசகர்): இஸ்திகாரா (ஒரு காரியத்தில் நல்லதைத் தரச் சொல்லிக் கேட்கும் தொழுகை) தொழுதால் கனவு வர வேண்டுமா? எனக்கு வரவே இல்லை.

பதில்: வர வேண்டியதில்லை. ஜாபிர் (ரலி) அறிவிக்கிற இஸ்திகாரா ஹதீஸில் கனவு என்ற பேச்சே கிடையாது. இரண்டு ரக்அத், துஆ, அவ்வளவுதான். கேட்டுவிட்டுக் காரியத்தில் இறங்குங்கள்.

கேள்வி (ஏற்காடு, காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் வாசகி): மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகளுக்கு வயிற்றுவலி. மருந்து கொடுத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பின்னிரவில் தஹஜ்ஜத் தொழுகைக்கு எழுந்தபோது "இப்போதே இறங்கு" என்று யாரோ நெஞ்சில் அழுத்திச் சொன்னதுபோல் இருந்தது. வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்றார்கள், வெளியே பனிமூட்டம். கேட்காமல் ஜீப் பிடித்து 20 வளைவும் இறங்கிச் சேலம் போனேன். குடல்வால் வெடிக்கிற நிலை, உடனே ஆபரேஷன். விடியும்வரை இருந்திருந்தால் பிள்ளை இல்லை என்றார்கள். அது இல்ஹாமா? அப்படிச் சொல்லிக்கொள்வது தவறா? இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன், உடனே பதில் எழுத வரவில்லை.

எகிப்தில் முஹம்மது அப்துஹு (1849–1905) என்று ஒரு பெரிய அறிஞர். தவ்ஹீத் (ஏகத்துவம்) பற்றிய நூலில் வஹீக்கும் இல்ஹாமுக்கும் வித்தியாசம் சொல்லும்போது, வஹீ பெறுகிறவருக்கு அது அல்லாஹ்விடமிருந்துதான் வந்தது என்று உறுதியாகத் தெரியும் என்கிறார். இல்ஹாம் அப்படியல்ல, மனசு அதை உறுதியாக உணர்ந்து அது இழுக்கிற பக்கம் போகும், எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியாது, பசி தாகம்போல, துக்கம் சந்தோஷம்போல. உங்கள் கடிதத்தில் இருப்பது அச்சு அசல் அதுதான். அவருக்கு 800 வருடம் முன்னால் கஸ்ஸாலி இமாம் உள்ளத்தை ஒரு குளத்துக்கு ஒப்பிட்டார். வாய்க்கால் வெட்டி வெளியிலிருந்தும் தண்ணீர் கொண்டுவரலாம், ஐம்புலன்கள்தான் அந்த வாய்க்கால். அடியைத் தோண்டித் தூரெடுத்தால் கீழேயிருந்தும் ஊற்று வரும். கிணறு தூர்வாருகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லாரும் தூங்குகிற நேரத்தில் முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) நின்ற உங்களுக்கு ஊற்று வந்தது என்றே நான் நம்புகிறேன். என் நம்பிக்கை இது, தீர்ப்பு அல்ல.

சொல்லிக்கொள்ளலாமா என்றால், நன்றியாகச் சொல்லலாம், மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் லைன் வீடுகளிலேயே பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தாய் இருக்கலாம். அன்றைக்கு அவளுக்கு எதுவும் தோன்றவில்லை, அவளும் துஆ கேட்டவள்தான், அவள்மேல் அல்லாஹ்வுக்குப் பாசம் குறைவு என்று அர்த்தமில்லை. அவள் காதில் விழுகிற மாதிரி இந்தக் கதை "எனக்குக் காட்டினான்" என்று போய்விடக் கூடாது. அவளிடம் போய் உட்காருங்கள், இந்தக் கதை இல்லாமலே உட்காருங்கள்.

இன்னொன்று, அன்றிரவுக்குப் பிறகும் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது, நம்பிக்கை குறைந்துவிட்டதோ என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள். மூஸாவின் தாயாருக்கு அல்லாஹ்வே வாக்குறுதி கொடுத்திருந்தான். அப்படியும் 28:10 வசனம் அவர் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்கிறது, நாம் அவர் உள்ளத்தைக் கட்டியிருக்காவிட்டால் விஷயத்தை வெளியே சொல்லியே இருப்பார் என்கிறது. அடுத்த வசனத்திலேயே தன் மகளைக் கூப்பிட்டு "பின்னாலேயே போய்ப் பார்" என்று அனுப்புகிறார். வஹீ வந்த தாயும் சும்மா உட்காரவில்லை, ஆற்றங்கரையோடு ஆள் அனுப்பினார். அதனால் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை எடுங்கள், சந்தேகமாக இருந்தால் ஜீப்பைக் கூப்பிடுங்கள், நெஞ்சில் குரல் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

மகள் இப்போது குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 28:13 வசனத்தை அவளை ஓதச் சொல்லிக் கேளுங்கள். குழந்தையைத் தாயிடம் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததைச் சொல்கிற இடம். "கய் தகர்ர அய்னுஹா" என்று வரும். அவள் கண் குளிர என்று அர்த்தம், நாம் தமிழில் சொல்கிற அதே கண் குளிரதான்.